பார்லோ குழிக்கு நான் போட்ட தங்கம்

யானைதான்கா. ஒண்ணே ஒண்ணுதான். எட்டிப் பாக்காதீங்க, ஜன்னலை இறக்கி விட்டுட்டு உக்காருங்க. அந்தப் பலா மரத்துல துதிக்கைக்கு எட்டுறதையெல்லாம் தின்னு முடிச்சாத்தான் ரோட்டை விடும். ஹாரன் அடிச்சா அதுக்குக் கோவம் வரும், அடிக்காட்டி நமக்குக் கோவம் வரும். டிரைவர் எஞ்சினையே அணைச்சிட்டாரு பாருங்க. இனி அது இஷ்டம்.

எனக்குத்தான் உயிர் போகுது. நாளைக்குக் காலையில எங்க யசோக்காவுக்குக் கல்யாணம். பந்தல் போட்டாச்சு, வாழை கட்டியாச்சு. மாப்பிள்ளை சுரங்கத்துக்குள்ள இருக்காரு. வரமாட்டேங்குறாரு.

ஐயோ, விழலக்கா. விழுந்திருந்தா கயித்தைக் கட்டி இழுத்துரலாம். இவரு நல்லா சுகமா சப்பணம் போட்டு உள்ள உக்காந்திருக்காரு. எங்க அப்பா கூப்பிட்டும் வரல, அவங்க அம்மா வந்து அழுதும் வரல. அவரை அங்க உக்கார வச்சது யாருன்னு கேப்பீங்க. நான்தான். வேற யாரு.

அதோ, தேயிலைக்கு நடுவுல செங்கல் தூண் ஒண்ணு நிக்குது பாருங்க, உச்சியில ஆலங்கன்னு மொளச்சிருக்கே. அதான் தங்கச் சுரங்கத்துப் புகைபோக்கி. அதுக்குக் கீழ குழி. பார்லோ குழின்னு பேரு. அதைத் தாண்டி எங்க லைன் வீடுங்க. எல்லாம் சிலோன்ல இருந்து வந்த சனம். நான் இங்கயே பொறந்தவ, ஆனா கூடலூர் கடைத்தெருவுல இன்னைக்கும் என்னைச் சிலோன்காரப் பொண்ணும்பாங்க. என் பேரு நிரோஷா. பதினொண்ணாவது பாதியில நின்னுட்டேன். ஏன் நின்னேன்னு கேட்டா ஒரு வீரக்கதை வச்சிருக்கேன். சரித்திர டீச்சர், வெள்ளைக்காரன் பார்லோ குழியில இருந்து வண்டி வண்டியா தங்கம் அள்ளிட்டுப் போனான்னு பாடம் நடத்தினாங்க. நான் எந்திரிச்சு, "இல்ல டீச்சர், ஒரு வண்டி கூட இல்ல, ஒரு சட்டிகூட இல்ல"ன்னேன். வெளிய நிக்கச் சொன்னாங்க. வெளிய நின்னவ அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன். இது வீரக்கதை. நெசக்கதை என்னன்னா கணக்குல மூணு பரீட்சையும் போச்சு. டீச்சர் பாவம். மறுநாள் கூப்பிட்டுக்கூட விட்டாங்க.

ஆனா தங்கத்தைப் பத்தி நான் சொன்னது சரி. சொல்றேன் கேளுங்க, யானை இப்போதைக்கு நகராது.

முதல்ல இந்த மலையெல்லாம் காப்பி. பார்லோன்னு ஒரு தொரை வச்சிருந்தான். இலையில நோய் விழுந்து காப்பி பூரா செத்துப் போச்சு. தொரை தலையில கைய வச்சுக்கிட்டு ஓடைப்பக்கம் போயிருக்கான். அங்க காட்டுச் சனங்க மரவியில, அது மரத்துல குடைஞ்ச தட்டுக்கா, ஆத்து மண்ணைப் போட்டு ஆட்டி ஆட்டித் தங்கப்பொடி எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு மழைக்காலம் பூரா ஆட்டினா ஒரு மூக்குத்திக்குத் தேறும். அவ்வளவுதான் தேறும். தொரை அதைப் பாத்தான், பாத்ததும் சீமைக்குக் காயிதம் போட்டான்: இங்க மலையே தங்கம்னு. சீமையில கம்பெனி ஆரம்பிச்சுப் பங்கு வித்தாங்க. கல்லு இடிக்கிற மெஷினு மாட்டு வண்டியில கழட்டிக் கழட்டி மலையேறி வந்துச்சு. இன்னும் கிடக்கு. எங்க லைன் பத்மா அத்தை அதுக்குள்ளதான் கோழி அடைக்கிறாங்க.

தோண்டினான். ஒண்ணுமில்ல. சீமையில இருந்து பெரிய ஆளு ஒருத்தன் நேர்ல பாக்க வர்றான்னு தந்தி வந்துச்சு. பார்லோ என்ன செஞ்சான் தெரியுமா? பன்னி சுடுற துப்பாக்கித் தோட்டாவுல இருந்த ஈய ரவையைக் கொட்டிட்டு, வெளிய வாங்கின தங்கப்பொடியை அடைச்சான். குழிக்குள்ள போனான். பாறையைப் பாத்து டுமீல் டுமீல்னு சுட்டான். சுவரெல்லாம் மினுமினுன்னு ஆயிருச்சு. வந்தவன் விளக்கைத் தூக்கிப் பாத்தான், வாயைப் பொளந்தான், குழியை வாங்கிட்டான். பார்லோ கப்பலேறிட்டான். வாங்கின புதுத் தொரை வருஷக்கணக்கா தோண்டினான். கூட இருந்தவங்க போதும் தொரைன்னு சொன்னா, "இது இருக்குன்னா இன்னும் இருக்கும்"னு சொல்லுவானாம். கடைசியில தண்ணி ஊத்து வந்து அடிக்குழி பூரா முழுகிப் போச்சு. அப்புறம் தேயிலை போட்டாங்க. சுரங்கத்துக் கதை முடிஞ்சுது.

சிரிக்காதீங்க. இதெல்லாம் எங்க லைன்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாத சமாச்சாரம் ஒண்ணு இருந்துச்சு. அதுதான் என்னை இந்த பஸ்ஸுல உக்கார வச்சிருக்கு.

எங்க லைன்ல ஒரு வழக்கம். பொண்ணு கட்டுற மாப்பிள்ளை, பார்லோ குழிக்குள்ள போய், தங்கம் எடுத்து, ஒரு மணி செஞ்சு, அந்த மணியைத் தாலியில கோத்துத்தான் கட்டணும். குண்டுமணி அளவு இருக்கணும். வனத்துறை போர்டு வச்சிருக்கு, உள்ளே செல்லக் கூடாதுன்னு. அந்த போர்டைத் தாண்டித்தான் வழி. கல்யாண வாரத்துல ஒரு நாள் விடியக்காலையில உள்ள போவாங்க, பொழுது சாய வெளிய வருவாங்க. வாசல்ல தப்பு அடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. கூடவே விளக்கு புடிக்கப் பொண்ணோட அண்ணனோ தம்பியோ போகணும். விளக்கு மச்சான்னு பேரு. எங்க அம்மா தாலியில மணி இருக்கு, பத்மா அத்தை தாலியில இருக்கு, லைன்ல எல்லாப் பொம்பளைங்க கழுத்துலயும் இருக்கு. சின்ன வயசுல அம்மா மடியில படுத்துக்கிட்டு அந்த மணியை வாயில வச்சுச் சப்புவேன். எங்க அப்பா பாறையை ஒடச்சு எடுத்ததுன்னு அவ்வளவு பெருமை எனக்கு.

எங்க வீட்டுல ஆம்பளைப் புள்ள இல்ல. அப்ப மச்சான் யாரு? பெரியப்பா மகனை அனுப்பலாம்னாங்க. விடுவேனா? நான் போறேன்னு நின்னேன். பொம்பளைப் புள்ள குழிக்குள்ள போகக் கூடாதுன்னாங்க. ஏன் கூடாதுன்னு கேட்டேன். காரணம் சொல்லத் தெரியல. காரணம் சொல்லத் தெரியாதவங்ககிட்ட நான் தோத்ததே இல்ல. மூணு நாள் சோறு திங்காம, சரி, அம்மாவுக்குத் தெரிய திங்காம, கடைசியில அப்பா ஒத்துக்கிட்டாரு.

ஒத்துக்கிட்டவரு விஷயத்தைச் சொல்லித் தொலைச்சிருக்கணுமில்ல? சொல்லல. ஏன்னா என் வாய். என் வாய் ரேடியோவாம். யசோக்காவைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா சும்மா ஒப்புக்கு, "பொண்ணுக்குக் குறையேதும் உண்டா?"ன்னு கேட்டாங்க. குறட்டை விடுவான்னு சொல்லிட்டேன். கேட்டாங்க, சொன்னேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல நான் உள்ள நுழைஞ்சா எல்லாரும் மழையைப் பத்தித்தான் பேசுவாங்க.

மாப்பிள்ளை பேரு கிருபாகரன். வால்பாறைப் பக்கம். கோயமுத்தூர்ல பம்ப் செட் கம்பெனியில ஃபிட்டர். நல்ல மனுசன்கா. எது சொன்னாலும் நம்புவாரு. அதான் வினை.

திங்கட்கிழமை காலையில அப்பா சொன்னாரு: "நிரோ, கூடலூர் போயி ஆசாரிகிட்ட ஒரு பொட்டலம் வாங்கிக்க. உள்ள போய்த்தான் பிரிக்கணும். வழியில பிரிக்காத." ஆசாரியும் அதையேதான் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. சின்னதா மடிச்ச ரோஸ் காகிதம். எங்க அப்பா கோயில் விபூதியை அப்படித்தான் மடிப்பாரு. ஆக விபூதி. இதுல யோசிக்க என்ன இருக்கு?

உள்ள போனோம். நான் முன்னால விளக்கோட, கிருபாகரன் மாமா பின்னால சம்மட்டியோட. பார்லோ வெட்டின பாதை நிமிர்ந்து நடக்கலாம். கொஞ்ச தூரத்துல அந்தத் தண்ணிக்குழி, கறுகறுன்னு, அடி தெரியாது. குழிக்குள்ள போறவங்க அங்க நின்னு தொட்டுக் கும்பிடுவாங்க. நான் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். பிரிக்கணும்னாரு. பிரிச்சு என்ன பண்ணணும்னு சொல்லல. எனக்காவே ஒரு ஞானம் வந்துச்சு: சாமிக்குக் குடுக்குறதை நாம பிரிச்சுப் பாக்கக் கூடாது. "மாமா, கும்பிட்டுக்குங்க"ன்னு சொல்லிட்டு, பொட்டலத்தை அப்படியே தண்ணியில எறிஞ்சேன். ப்ளக்குன்னுச்சு. விபூதி இவ்வளவு கனமா விழுதேன்னு ஒரு செகண்டு தோணுச்சு. ஒரு செகண்டுதான்.

அப்புறம் வேலை. பாறையை ஒடச்சோம், கல்லுல வச்சு இடிச்சோம், மரவியில போட்டு ஆட்டினோம். மாமா கையெல்லாம் கொப்புளம். நான் விளக்கைப் புடிச்சுக்கிட்டு, "எங்க அப்பா ஒரே நாள்ல எடுத்தாரு, எங்க சித்தப்பா அரை நாள்ல எடுத்தாரு"ன்னு ஏத்தி விட்டுக்கிட்டே இருந்தேன். பாவம் மனுசன், ரோஷம் வந்து இன்னும் இடிச்சாரு. பொழுது சாய வெறுங்கையோட வெளிய வந்தோம். வாசல்ல தப்பு அடிக்கிறவங்க ரெண்டு அடி அடிச்சிட்டு நிறுத்திட்டாங்க. லைனே எங்களைப் பாக்குது. நான் மட்டும் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "பொறுங்க, நாளைக்கு எடுப்போம்"னேன்.

வீட்டுல அப்பா கேட்டாரு: "பொட்டலம் எங்க?"

"தண்ணிக்குழிக்குப் போட்டுட்டேன்பா."

"பிரிச்சியா?"

"பிரிக்கல. நான் என்ன பக்தி இல்லாதவளா?"

அப்பா அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. யசோக்கா அடுப்படிக்குள்ள போயி வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டுக் குலுங்குறா. அழுறாளோன்னு போய்ப் பாத்தா சிரிக்கிறா. அப்புறம் பாத்தா அழுறா. கிறுக்கின்னு நினைச்சேன். யாரு கிறுக்கின்னு இப்பத் தெரியுது.

செவ்வாய்க்கிழமையும் ஒண்ணுமில்ல. புதன்கிழமைதான் விஷயம். அன்னைக்கு விடியக்காலையிலயே அப்பா கொல்லைப்பக்கம் கல்லுல வச்சு டொக்கு டொக்குன்னு எதையோ தட்டிக்கிட்டு இருந்தாரு. என்னப்பான்னேன். ஆடு கட்ட முளை சீவுறேன்னாரு. சரின்னு நாங்க குழிக்குப் போயிட்டோம். மத்தியானம் தூக்குச்சட்டியில டீ எடுத்துக்கிட்டு அப்பாவே உள்ள வந்துட்டாரு! அவருக்கு இழுப்பு. குழி வாசலுக்கு வந்தாலே நெஞ்சு விசிலடிக்கும். அப்படிப்பட்டவரு உள்ள வந்து, மாமா கையைப் பாத்தாரு, "குடுங்க மாப்பிள, நான் ஒரு ஆட்டு ஆட்டுறேன்"னு மரவியை வாங்கிக்கிட்டாரு. தண்ணியில கையை விட்டு அளாவினாரு. ரெண்டு சுத்து சுத்திட்டு, "மூச்சு வாங்குது, நிரோ, நீ புடி"ன்னு என்கிட்ட குடுத்துட்டாரு.

நான் ஆட்டினேன். மண்ணு போச்சு, கறுப்பு மணல் போச்சு. ஓரத்துல மஞ்சளா ஒண்ணு!

என் கண்ணுக்குத்தான்கா பட்டுச்சு. அப்பா பக்கத்துலயே இருந்தாரு, அவருக்குத் தெரியல. மாமாவுக்குத் தெரியல. நான்தான் பாத்தேன். துவரம்பருப்புல பாதி இருக்கும். தட்டையா, ஒரு பக்கம் நசுங்கினாப்ல. பாறை இடுக்குல இருந்தா நசுங்கித்தான் இருக்கும்னு நானே மாமாவுக்கு விளக்கம் சொன்னேன். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, வெள்ளைக்காரனுக்கே கிடைக்காதது. எனக்குக் கிடைச்சுது. கணக்குல ஃபெயிலானா என்ன?

அப்பா, "போதும் மாப்பிள, இதையே உருக்கிக் கோத்துக்கலாம், கிளம்புங்க"ன்னாரு. மாமா அந்தத் துணுக்கை விளக்குல காட்டிக் காட்டிப் பாக்குறாரு. அவரு கண்ணு வேற மாதிரி ஆயிருச்சு. மெதுவா சொன்னாரு:

"இல்ல மாமா. இது இருக்குன்னா இன்னும் இருக்கும்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பயத்துலன்னு நினைக்கிறீங்களா? பெருமையில.

அன்னையில இருந்து அவரு வெளிய வரல. சோறு தண்ணி எல்லாம் உள்ள போகுது. கம்பெனிக்கு போன் பண்றதுக்கு மட்டும் வாசலுக்கு வந்தாரு, லீவு நீட்டிக் கேக்கத்தான்னு நினைச்சேன். வேலையை விடுறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அப்புறம் கூட்டாளிக்கு ஒரு போன், மோட்டார் வேணுமாம். ஃபிட்டரு இல்ல? தண்ணிக்குழியை இறைச்சுட்டா அடியில தங்கம் இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காரு. அடியில தங்கம் இருக்குதுதான்கா. நான் போட்டது! மோட்டாரு நாளைக்குக் காலையில வருது. முகூர்த்தமும் நாளைக்குக் காலையிலதான்.

இதுக்கு நடுவுல அம்மா மூக்குத்தி வேற தொலைஞ்சு போச்சு. ஒத்தப் பொட்டு மூக்குத்தி, சிலோன்ல இருந்து அவங்க அம்மா போட்டுக்கிட்டு வந்தது. கொழுந்து எடுக்குறப்ப விழுந்திருச்சாம். கல்யாண வீட்டுல மூக்குல ஈர்க்குச்சியைச் சொருகிக்கிட்டு நிக்கிறாங்க. வீட்டுல ஒரு கரண்டி காணாமப் போனா லைனே அதிர்ற மாதிரி கத்துறவங்க, இதுக்கு ஒரு வார்த்தை கத்தல. "நீ போய் தேயிலைத் தூருல தேடிப் பாரு"ன்னு என்னை அனுப்பினாங்க. அட்டைக்கடியோட ஒரு பொழுது பூரா தேடினேன்.

ஏன்கா சிரிக்கிறீங்க? அட்டை கடிச்சா சிரிப்பா?

சரி, விடுங்க. நேத்து சாயங்காலம் யசோக்கா அழுதுட்டா. நெசமா அழுதா. அப்பதான் அப்பா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. லைன்ல யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டுச் சொன்னாரு. நீங்க லைன் ஆளு இல்லையே, அதனால பரவால்ல.

ஒருத்தரும் அந்தக் குழியில இருந்து தங்கம் எடுத்ததே இல்லையாம்கா. எங்க அப்பா எடுக்கல, சித்தப்பா எடுக்கல. எல்லா மணியும் கூடலூர் ஆசாரிகிட்ட வாங்கினது. பார்லோ தோட்டாவுல வச்சதை நாங்க ரோஸ் காகிதத்துல வச்சிருக்கோம். சிலோன்ல இருந்து வந்த புதுசுல, முதல் கல்யாணத்தப்ப, கடைத்தெருவுல எவனோ கேட்டிருக்கான்: "நீங்கள்லாம் மஞ்சக் கிழங்கைத்தானே கட்டுவீங்க?"ன்னு. பொண்ணோட அப்பா கப்பல்ல கொண்டு வந்த பித்தளை அண்டாவைச் சத்தமில்லாம வித்து, ஒரு மணி வாங்கிட்டு வந்து, பார்லோ குழியில எங்க மாப்பிள்ளை எடுத்தான்னு சொல்லிட்டாரு. கடைத்தெரு வாயை மூடிருச்சு. அண்டாவை வித்த மானக்கேடும் வெளிய தெரியல. அதுல இருந்து வழக்கம்.

உள்ள போயி என்ன செய்வாங்கன்னு கேட்டேன். விளக்கு மச்சான் பொட்டலத்தைப் பிரிச்சு மாப்பிள்ளை கையில குடுத்து, "மச்சான், இதுதான் எங்க சுரங்கம்"பானாம். மாப்பிள்ளை முழிப்பானாம். அப்புறம் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, பொழுது சாயுற வரைக்கும் சீட்டாடிட்டு, மூஞ்சியில மண்ணைப் பூசிக்கிட்டு வருவாங்களாம். அன்னையில இருந்து அவன் எங்க ஆளு. ஊரையே ஏமாத்துற அந்தக் குழிக்குள்ளதான் மாப்பிள்ளைக்கு நெசத்தைச் சொல்லுவாங்க. நெசத்தைத் தவிர வேற எதுவும் பேசமாட்டேன்னு திரியுறேனே, நான் அந்த ஒரு இடத்துல போய் கும்பிடு போட்டுட்டு வந்திருக்கேன்.

"பொம்பளைங்களுக்குத் தெரியாதாப்பா?"ன்னேன். அவரு பதில் சொல்றதுக்குள்ள உள்ள இருந்து அம்மா, "எங்களுக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கு நினைப்பு"ன்னாங்க. யசோக்காவுக்கும் தெரியும். பத்மா அத்தைக்கும் தெரியும். கோழிக்குத் தெரியுமோ என்னவோ. தெரியாதவ நான் ஒருத்திதான்.

இன்னொரு மணி வாங்க வீட்டுல வழி இல்ல. யசோக்கா ஒத்தக் கம்மலைக் கழட்டிக் குடுத்தா. "அந்தக் காதுக்குப் பூவை இறக்கி வச்சுக்கிறேன், நீ போ"ன்னா. ஆசாரி அதை உருக்கி மணி புடிச்சுக் குடுத்தாரு. இந்தா, ஜாக்கெட்டுக்குள்ள இருக்கு. இந்தத் தடவை பிரிச்சுப் பாத்துட்டேன்.

அப்பா சொல்றது, போயி அவரு கையில குடுத்து விஷயத்தைச் சொல்லுன்னு. எப்படிக்கா சொல்றது? மத்தவங்க மணி எல்லாம் கடையில வாங்கினதுன்னு சொல்லலாம். ஆனா புதன்கிழமை கிடைச்சது நெசமாச்சே! அவரே கண்ணால பாத்திருக்காரே! அதைச் சட்டைப் பையில பீடிக்கட்டுக் காகிதத்துல மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அதனால நான் வேற திட்டம் போட்டிருக்கேன். பேசாம மணியை விரலிடுக்குல வச்சுக்கிட்டுப் போறேன். மரவியில நழுவ விடுறேன். "ஐயோ மாமா, இங்க பாருங்க, பெருசா!"ன்னு கத்துறேன். அவரு எடுத்துக்கிட்டு வெளிய வந்துருவாரு. கல்யாணம் நடந்துரும்.

பிரச்சினை என் மூஞ்சிதான். கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன், வரல. நீங்க ஒரு தடவை பாருங்க. நீங்கதான் மாமா. நான் ஆட்டுறேன்... ஆட்டுறேன்... "ஐயோ மாமா! இங்க பாருங்க!" எப்படி? நல்லா இல்லையா? முஸ்தபா அண்ணே, கண்டக்டரண்ணே, இங்க திரும்புங்க. எப்படி இருக்கு? யானை மிதிச்ச மாதிரி இருக்காம். போண்ணே.

என்னக்கா? என்ன கேட்டீங்க?

பெருசா கிடைச்சா வெளிய வருவாரா, இன்னும் உள்ள போவாரான்னா...

அட.

இது இருக்குன்னா இன்னும் இருக்கும்பாரு. ஆமால்ல. பார்லோ கதையை நானே சொல்லிட்டு நானே... ஆமா. அவ்வளவுதான், கல்யாணத்தன்னைக்கு மோட்டாரோட உக்காந்துருவாரு. அப்ப நெசத்தைத்தான் சொல்லணும்ங்குறீங்க. புதன்கிழமை கிடைச்சதுக்கு என்ன சொல்றது? அதைச் சொல்லுங்க பாப்போம்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அம்மா மூக்குத்தியா? அது எப்பத் தொலைஞ்சுதா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டிருந்தாங்க. புதன்கிழமை நான் ஓடி வந்து தங்கம் கிடைச்சதைச் சொன்னப்ப ஈர்க்குச்சி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா ஆட்டுக்கு முளை சீவிக்கிட்டு இருந்த அன்னைக்கு...

எங்க வீட்டுல ஆடு இல்லக்கா.

தீபாவளிக்கே வித்தாச்சு.

இருங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க.

கையை விட்டு அளாவினாரு. ரெண்டு சுத்து சுத்தி என்கிட்ட குடுத்தாரு. நான்தான் பாத்தேன்னு நான்... லைன் பூரா சொல்லி வச்சிருக்கேன்கா, நூறு வருஷத்துல முத பொம்பளைன்னு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. பத்மா அத்தை கைகூடக் குடுத்தாங்க. அம்மா என்னைத் தேயிலைக்குள்ள தேட விட்டுட்டு... அட்டைக்கடிக்கு அவங்களே சுண்ணாம்பு தடவி விட்டாங்க, ஒரு பொழுது பூரா தேடுனியான்னு கேட்டுக்கிட்டே.

பார்லோ சுட்டது ஒண்ணு, நான் எறிஞ்சது ஒண்ணு, அப்பா போட்டது ஒண்ணு. எல்லாரும் அந்தக் குழிக்குப் போட்டுக்கிட்டேதான் இருந்திருக்கோம். எடுத்தவன் ஒருத்தனும் இல்ல.

அழலக்கா. மூக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

ஏய், யானை இறங்குது! ஓடைப்பக்கம் இறங்குது பாருங்க. டிரைவரண்ணே, எடுங்க எடுங்க!

இப்ப என் மூஞ்சியைப் பாருங்க. நல்லா பாருங்க. இதானே நான் காலையில இருந்து கண்ணாடியில தேடினது? இப்ப வந்திருக்கு பாருங்க, கேக்காம. இதை இப்படியே உள்ள கொண்டு போறேன். மணியை அவரு கையில குடுத்து, "மாமா, இதுதான் எங்க சுரங்கம். புதன்கிழமை கிடைச்சது எங்க அம்மா மூக்குத்தி"ன்னு சொல்றேன். இந்த மூஞ்சியைப் பாத்துட்டு நம்பலைன்னா மோட்டாரோட மோட்டாரா அவரையும் அங்கயே பூட்டிட்டு வந்துடுறேன்.

சிரிப்பாரான்னு தெரியல. மத்தவங்கள்லாம் சிரிச்சிருக்காங்க. நான் முதல்ல சிரிச்சுக் காட்டணும் போல.

அண்ணே, புகைபோக்கி ஸ்டாப்பு, நிறுத்துங்க! வர்றேன்கா. அவரு சட்டைப் பையில இருக்கறதை முதல்ல வாங்கணும். நசுங்கிக் கிடந்தாலும் பரவால்ல, தட்டி நேராக்கிக்கலாம். நாளைக்குக் காலையில அம்மா ஈர்க்குச்சியோட மணவறையில நிக்கக் கூடாது.